துணி டயபர்: ஒழுகாத சரக்கைத் தெரிவு செய்வது எப்படி?

இந்த வாரம் பிள்ளைகளின் துணி டயபரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் கடையில் இருந்த நண்பர்கள் சிரித்தார்கள். "நானா, டொலர் விலை, வற் வரி, வங்கிக் கடன் என்று எழுத எவ்வளவோ கிடக்க இதுவா கிடைத்தது?" என்றார் ஒருவர். சிரிக்கட்டும். இந்தச் சின்னப் பொருளில் நான் பதினைந்து டசின் சரக்கில் கையைச் சுட்டுக்கொண்டவன். சரக்கு நட்டத்தை விட, அதனால் முகம் சுளித்துப் போன வாடிக்கையாளர்களின் நட்டம் பெரிது. பிடவைக் கடை, ஃபேன்சி கடை, குழந்தைப் பொருள் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதே பிழையைச் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பால்மா, அரிசி, எரிபொருள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தை உள்ள வீடுகளில் சத்தமில்லாமல் இன்னொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பம்பர்ஸ். பக்கட் பக்கட்டாக வாங்கியவர்கள் பக்கட்டை உடைத்து இரண்டு, மூன்று தரமுடியுமா என்று கேட்டார்கள். இரவுக்கு மட்டும் பம்பர்ஸ், பகலுக்குப் பழைய சீலைத் துண்டு என்று பல வீடுகளில் முடிவெடுத்தார்கள்.

வியாபாரிக்கு இப்படியான நேரத்தில் மூளை வேலை செய்யும். எனக்கும் செய்தது. கழுவிக் கழுவிப் பாவிக்கும் துணி டயபருக்கு நல்ல ஓட்டம் வரும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். சரக்குத்தான் பிழைத்தது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் பதினைந்து டசின் எடுத்தேன். பளிச்சென்ற நிறங்கள், யானை, பூனைப் படங்கள், முன்பக்கம் வரிசையாக பிரஸ் பட்டன்கள். "தடித்த துணி முதலாளி, ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் அவர். நானும் அதே வசனத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி என் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னேன். ஒன்றையாவது தண்ணீர் ஊற்றிப் பார்த்தேனா? இல்லை. சில வாரங்களில் ஒன்பது டசின் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று அடுத்த ஓடருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின.

கத்திரிக்கோலுடன் வந்த பாடம்

திரும்பக் கொண்டுவந்தவர்களில் அன்புவழிபுரத்துத் தங்கச்சி ஒருவர். திருமணத்துக்கு முன்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், இப்போது வீட்டில் தையல் இயந்திரம் வைத்துத் தைக்கிறார். என் கடைக்கு நூல், இலாஸ்டிக், பட்டன் வாங்க வருபவர். ஏழு மாதப் பிள்ளைக்காக ஆறு டயபர் வாங்கியிருந்தார். "குறை நினையாதேங்கோ நானா. மூன்று நாள் பாவிச்சன். மடியில வச்சிருந்தா என்ர உடுப்பும் நனையுது" என்றார்.

நான் வழமையான சமாதானத்தைச் சொன்னேன். "இன்னொரு துணி மடித்து உள்ளே வைத்துப் பாருங்கள், தடிப்புக் கூடினால் ஒழுகாது" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் மேசையில் இருந்த கத்திரிக்கோலை எடுத்தார். "தடிப்புக் காணாமல் ஒழுகேல்லை நானா. இஞ்ச கால்ப் பக்கத்தைப் பாருங்கோ" என்று ஒரு டயபரின் தொடை ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்த இலாஸ்டிக் நூல்போல மெல்லியது. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவும் தொடையின் பின்பக்கம் நான்கு அங்குலம் மட்டும்தான் தைக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் வெறும் துணி. உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி எவ்வளவு தடிப்பாக வைத்தாலும், தொடைக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தண்ணீர் அந்த வழியால் போகும். வாளி எவ்வளவு பெரிதென்றாலும் ஓட்டை இருந்தால் நிறையுமா?

அன்று அவர் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். முப்பது வருடமாகத் துணி விற்கும் நான், துணியைப் பற்றி அன்றுதான் சில விடயங்களைக் கற்றேன். அதற்குப் பிறகு நானும் படித்து, பல சரக்குகளை வாங்கிச் சோதித்து, அறிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

ஈரம் வெளியே வரும் ஐந்து வழிகள்

"ஒழுகுது" என்று வாடிக்கையாளர் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். ஆனால் காரணம் ஐந்தில் ஒன்றாக இருக்கும். எது என்று பிரித்தறியத் தெரிந்தவனே இந்தச் சரக்கை விற்கத் தகுதியானவன்.

ஒன்று, இடைவெளி. தொடையிலும் இடுப்பிலும் துணி உடலோடு சேராமல் நிற்பது. பிள்ளை ஒரே முறையில் வேகமாகச் சிறுநீர் கழிக்கும்போது, உள்துணி அதை உறிஞ்சுவதற்கு முன் ஓரத்தால் ஓடிவிடும். இதன் அடையாளம்: வெளியே நனைந்திருக்கும், உள்ளே பாதித் துணி காய்ந்திருக்கும்.

இரண்டு, கொள்ளளவு போதாமை. உள்துணி முழுவதும் நனைந்து, அதற்கு மேல் தாங்காமல் வழிவது.

மூன்று, அழுத்தம். உள்துணி ஈரத்தைப் பிடித்திருக்கும். ஆனால் பிள்ளை உட்காரும்போது, இடுப்பில் தூக்கும்போது, ஏணையில் மடங்கிக் கிடக்கும்போது பிழிந்த மாதிரி வெளியே வரும்.

நான்கு, ஊறிப் பரவுதல். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, டயபரின் ஓரத்துப் பருத்தித் துணி உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே இழுக்கும். பிள்ளையின் உள்ளாடையின் நுனி டயபருக்குள் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான்.

ஐந்து, உறிஞ்ச மறுத்தல். துணியில் எண்ணெய், கிரீம், வாசனை மிருதுவாக்கி போன்றவை படிந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே உருண்டு ஓடுவது. இது சரக்கின் குறை அல்ல, கழுவும் முறையின் குறை. இருந்தாலும் பழி கடைக்காரனுக்குத்தான் வரும்.

என்னுடைய பதினைந்து டசினில் முதலாவதும் நான்காவதும் சேர்ந்தே இருந்தன. இலாஸ்டிக் பிழை. அதோடு, அழகுக்காக ஓரத்தில் பருத்திப் பட்டி வைத்துத் தைத்திருந்தார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கால் ஓரம்

சரக்கைக் கையில் எடுத்ததும் நாம் எல்லோரும் படத்தையும் நிறத்தையும் பார்க்கிறோம். அதை விட்டுவிட்டு கால் ஓரத்தைப் பாருங்கள். இலாஸ்டிக்கை இரண்டு கையாலும் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே சுருங்கிப் பழைய நீளத்துக்கு வரவேண்டும். பத்து முறை இழுத்தும் அப்படியே வந்தால் நல்லது. இலாஸ்டிக் தொடையைச் சுற்றி முன்பக்கமும் பின்பக்கமும் போதிய தூரம் போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மறுபக்கம், மிக இறுக்கமான இலாஸ்டிக்கும் கூடாது. தொடையில் ஆழமான சிவந்த கோடு விழும் டயபரை எந்த உம்மாவும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

நல்ல சரக்குகளில் கால் ஓரத்தில் இரண்டு மடிப்புகள் இருக்கும். வெளியே ஒன்று, அதற்கு உள்ளே தனி இலாஸ்டிக்குடன் இன்னொன்று. உள் மடிப்பு வாய்க்கால் வரப்பு மாதிரி முதல் தடையாக நிற்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலம் தண்ணீராகப் போகும். அதைத் தடுப்பதில் இந்த இரட்டை மடிப்பின் பயன் நன்றாகத் தெரியும். தையல் கூலி கூடுவதால் விலையும் கொஞ்சம் கூடும். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லி விற்கலாம்.

இடுப்பில் பிரஸ் பட்டனா, வெல்க்ரோவா என்பது அடுத்த கேள்வி. வெல்க்ரோ எந்த அளவுக்கும் நுட்பமாகப் பொருந்தும். மூத்தம்மாமாருக்கும் சுலபம். ஆனால் கழுவக் கழுவ நூல், முடி எல்லாம் பிடித்துப் பிடிமானம் குறையும். தவழும் பிள்ளை தானே இழுத்துக் கழற்றிவிடும். பிரஸ் பட்டன் நீண்ட நாள் நிற்கும். பட்டன் வரிசை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். தூரம் கூடினால் ஒரு பட்டனில் இறுக்கம், அடுத்ததில் தளர்வு என்றாகிவிடும். இடுப்புக்குக் கீழே இன்னொரு பட்டன் இருந்தால் தொடையைத் தனியாக இறுக்கலாம். வாங்கும்போது ஒவ்வொரு பட்டனையும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். துணி கிழியாமல், பட்டன் ஆடாமல் வரவேண்டும்.

வெளித்துணி: ஒரு தாய் தைத்த திரைச்சீலை

இன்றைய டயபர்களின் வெளித்துணியை பி.யூ.எல். என்பார்கள். பொலியெஸ்டர் பின்னல் துணியின் உட்பக்கம் பொலியூரெத்தேன் என்னும் மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கும். தண்ணீரைத் தடுக்கும், ஆனால் நீராவியைக் கொஞ்சம் வெளியே விடும். அந்தக் காலத்து ரப்பர் ஜட்டியில் பிள்ளை வெந்து போனது போல இதில் வேகாது. டீ.பி.யூ. என்ற பெயரில் வருவதும் அதே குடும்பம்தான். அதில் படலத்தை இரசாயனக் கரைப்பான் இல்லாமல் வெப்பத்தால் ஒட்டுகிறார்கள்.

இந்த யோசனை எங்கே தொடங்கியது என்பது வியாபாரிகள் அறிய வேண்டிய கதை. அமெரிக்காவில் மேரியன் டொனோவன் என்ற தாய் 1946இல் தன் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, பிள்ளையின் துணிக்கு மேல் போடும் கவர் ஒன்றைத் தைத்தார். பின்னர் பாரசூட் நைலோன் துணிக்கு மாறினார். ஊக்குக்குப் பதிலாக பிரஸ் பட்டன் வைத்தார். உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோனபோது யாரும் இப்படி ஒன்று கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் 1949இல் நியூயோர்க்கின் சாக்ஸ் ஃபிப்த் அவென்யூ கடையில் நேரடியாக விற்கத் தொடங்கினார். சரக்கு பறந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்த கையோடு அந்த உரிமையைப் பத்து இலட்சம் டொலருக்கு விற்றார். பம்பர்ஸ் சந்தைக்கு வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1961இல். இரவில் படுக்கை விரிப்பு நனைந்து அலுத்துப்போன ஒரு தாய்க்குத் தெரிந்தது பெரிய கம்பனிகளுக்குத் தெரியவில்லை. என் மேசையில் கத்திரிக்கோல் எடுத்த தங்கச்சியை நினைத்தால் எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

வெளித்துணியைச் சோதிப்பது இலகு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரியும். துணியின் நடுவே அழகுக்காகத் தையல் ஓடியிருந்தால் அந்தத் துளைகளால் ஈரம் வரும். தையல் ஓரத்தோடு நிற்பதே முறை. உட்பக்கத்துப் படலத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். தோல் போல் உரிந்து வந்தால் சில மாதத்தில் முழுவதும் பிரிந்துவிடும். உள்ளூரில் தைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள்: மெல்லிய ஊசி பாவியுங்கள், பருத்தி நூலுக்குப் பதில் பொலியெஸ்டர் நூல் பாவியுங்கள். பருத்தி நூல் திரி போல் ஈரத்தை இழுக்கும். தைக்கும்போது படலத் துணியில் குண்டூசி குத்த வேண்டாம், கிளிப் போட்டுப் பிடியுங்கள். பாவிப்பவர்களும் ஊக்குக் குத்தக் கூடாது.

உள்துணி: வேகமும் கொள்ளளவும்

பம்பர்சின் உள்ளே இருக்கும் தூள், தன் எடையைப் போல் பல மடங்கு ஈரத்தைக் குடித்து ஜெல்லியாக மாற்றிப் பிடித்துக்கொள்ளும். துணியில் அந்தத் தூள் இல்லை. ஆகவே பம்பர்ஸ் போல் இரவு முழுவதும் ஒரே துணி தாங்கும் என்று யாரும் உறுதி சொல்லக் கூடாது.

சின்னக் கணக்கு ஒன்று. கைக்குழந்தை எடை ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிலீட்டர் வரை சிறுநீர் கழிக்கும் என்பது வைத்தியர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் கழிக்கும் பிள்ளைகளும் உண்டு. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு 16 முதல் 32 மில்லிலீட்டர். பத்து மணி நேர இரவுக்கு 80 முதல் 160 மில்லிலீட்டர். பகலில் ஓர் உள்துணி போதும், இரவுக்கு இரண்டு வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

உள்துணிகளில் மைக்ரோ ஃபைபர் விலை குறைந்தது. வேகமாக உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் அழுத்தினால் விட்டுவிடும். நாம் மேலே சொன்ன மூன்றாவது வழி இதில்தான் அதிகம். பருத்தி கொஞ்சம் மெதுவாக உறிஞ்சும், நன்றாகப் பிடிக்கும். மூங்கில் என்று விற்கப்படும் துணி இன்னும் கூடப் பிடிக்கும், ஆனால் காய நேரமெடுக்கும். சணல் இனத் துணி எல்லாவற்றிலும் மெதுவானது, பிடிமானம் கூடியது. வேகமாக உறிஞ்சுவது மேலே, பிடித்து வைப்பது கீழே என்று இரண்டு வகையைச் சேர்த்து வைப்பதே நல்ல வழி. ஒரு எச்சரிக்கை: மைக்ரோ ஃபைபரை நேரடியாகப் பிள்ளையின் தோலில் படவிடக் கூடாது. தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் இழுத்து வறட்சி உண்டாக்கும். அதை பொக்கட்டுக்குள் வைக்க வேண்டும், அல்லது மேலே வேறு துணி இருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைக்கு முன்பக்கம் அதிகம் நனையும், பெண் பிள்ளைக்கு நடுவில். உள்துணியை அதற்கேற்ப முன்னால் மடித்து வைக்கலாம். குப்புறப் படுக்கும் பிள்ளைக்கும் முன்பக்கத் தடிப்பு வேண்டும். மடித்து வைக்கக்கூடிய தனி உள்துணி உள்ள சரக்கில் இந்த வசதி உண்டு. எல்லாம் சேர்த்து ஒன்றாகத் தைத்த சரக்கில் இல்லை.

கடை மேசையில் ஒரு சோதனை

இப்போது நான் புது மாதிரி எதையும் இந்தச் சோதனை இல்லாமல் எடுப்பதில்லை. முதலில் டயபரை ஐந்தாறு முறை கழுவிக் காயவைப்பேன். பருத்தித் துணிகளில் இயற்கைப் பசை இருக்கும். சில முறை கழுவிய பிறகே அவை முழுதாக உறிஞ்சும். பிறகு பழைய பத்திரிகைத் தாளை விரித்து அதன் மேல் டயபரை வைத்து, மருந்து அளக்கும் கிண்ணத்தால் 50 மில்லிலீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் நடுவே ஊற்றுவேன். உருண்டு ஓடுகிறதா, உடனே இறங்குகிறதா என்று பார்ப்பேன். பத்து நிமிடத்தில் இன்னொரு 50. அதன் பிறகு பொலித்தீனில் சுற்றிய இரண்டு கிலோ சீனியை மேலே வைத்து அரை மணி நேரம் விடுவேன். தாளில் எங்கே ஈரம் பட்டிருக்கிறது என்பதே விடை. நடுவில் பட்டால் வெளித்துணியோ தையலோ பிழை. ஓரத்தில் மட்டும் பட்டால் ஊறிப் பரவுகிறது. தொடைக்கும் துணிக்கும் இடையிலான இடைவெளியை மட்டும் மேசையில் சோதிக்க முடியாது. அதற்குப் பிள்ளை வேண்டும். இங்கேதான் அளவு வருகிறது.

வயதைக் கேட்காதீர்கள், நிறையைக் கேளுங்கள்

"எத்தனை மாதப் பிள்ளை?" என்று கேட்டு டயபர் கொடுப்பது நம் பழக்கம். அது பிழை. கிளினிக் கொப்பியில் உள்ள நிறையைக் கேளுங்கள். முன்பக்கம் மூன்று வரிசைப் பட்டன் வைத்து, மூன்று கிலோ முதல் பதினைந்து கிலோ வரை ஒரே அளவு என்று எழுதி வரும் சரக்குகள் பல உண்டு. எழுத்தில் மூன்று கிலோ என்றிருந்தாலும், பச்சைப் பிள்ளையின் மெல்லிய தொடையில் அது சேராது. நான்கு, ஐந்து கிலோ வந்த பிறகே பொருந்தும். நம் நாட்டில் சுமார் ஆறில் ஒரு பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறது. அப்படியான வீட்டுக்கு இந்த ஒரே அளவுச் சரக்கை விற்றால் நிச்சயம் திரும்பி வரும். அவர்களுக்கு வழமையான வெள்ளைத் துணி நாப்கினும், சிறிய அளவுக் கவரும்தான் சரி.

பொருத்தும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். கால் ஓரம் தொடையின் நடுவே நிற்கக் கூடாது. ஜட்டி ஓரம் நிற்கும் இடத்தில், கவட்டு மடிப்பில் இறங்க வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் போகும் அளவு தளர்வு போதும். உள்துணி எங்கேயும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. போட்டு முடிந்ததும் விரலை ஓரத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். கடையில் ஒரு பொம்மையை வைத்து நான் இதைக் காட்டுகிறேன். கேலி செய்தவர்களும் நின்று பார்க்கிறார்கள்.

கழுவுவதில் கெடும் சரக்கு

நல்ல சரக்கும் வீட்டில் கெடலாம். துணிக்கு மிருதுவும் வாசனையும் தரும் திரவங்கள் இழைகளின் மேல் பூச்சாகப் படியும். துணி தண்ணீரை ஏற்காது. சலவைத் தூளை அளவுக்கு மேல் போட்டு, சரியாக அலசாமல் விட்டாலும் சிக்கல்தான். பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் பழக்கம். எண்ணெய் தடவிய கையோடு டயபர் போட்டால் அது துணியில் ஏறும். புண்ணுக்குப் பூசும் தடித்த கிரீமும் அப்படியே. இடையே ஒரு மெல்லிய துணித்துண்டு வைத்தால் போதும். கிணற்றுத் தண்ணீர் கடினமாக உள்ள இடங்களில் உப்புப் படிந்து துணி விறைத்துப் போகும். கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் பாவிக்கச் சொல்லுங்கள்.

வெளித்துணியைக் கொதிநீரில் போடக் கூடாது, ஸ்திரிக்கை காட்டக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. உள்துணியை நல்ல வெயிலில் போடலாம். வெயில் கறையையும் வெளுக்கும். வெளிக்கவரை நிழலில் காயவிட்டால் இலாஸ்டிக்கும் படலமும் நீண்ட நாள் வரும்.

எங்கள் திருகோணமலையில் இன்னொரு கணக்கும் உண்டு. வடகீழ்ப் பருவ மழை பிடித்துவிட்டால் நவம்பர், டிசம்பரில் நாள் கணக்காகக் கொடியில் துணி காயாது. ஒன்றாகத் தைத்த தடித்த டயபர் அந்தக் காலத்தில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். ஈரத்தோடு போட்டால் மணமும் வரும், தோல் புண்ணும் வரும், கொள்ளளவும் குறையும். ஆகவே கழற்றி எடுக்கும் உள்துணி உள்ள சரக்கே எங்கள் பகுதிக்குப் பொருத்தம். மற்ற மாதங்களில் தினமும் கழுவும் வீட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து போதும் என்றால், மழைக்குப் பதினெட்டு, இருபது உள்துணி வேண்டும். கவர் அவ்வளவு வேண்டாம். உள்துணியைத் தனியாக விற்பதும் ஒரு வியாபாரம். செப்டம்பர் மாதமே அதற்குச் சரக்கு எடுத்து வைக்க வேண்டும்.

வியாபாரக் கணக்கு

இனி முதலாளிமார் காத்திருக்கும் விடயத்துக்கு வருவோம். இந்தச் சரக்கில் பெரிய ஆபத்து, பாவித்ததைத் திரும்ப எடுத்தால் மறுபடி விற்க முடியாது என்பதுதான். அன்று திரும்பி வந்தவற்றுக்குப் பணம் கொடுத்தேன். விற்காத ஆறு டசினையும் மேசையிலிருந்து எடுத்தேன். மொத்த வியாபாரி தொலைபேசியை எடுக்கவில்லை. நட்டத்தைக் கணக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு முறையைப் பின்பற்றுகிறேன். யாருக்கும் முதல் தடவை ஒரு டசின் விற்பதில்லை. ஒன்று அல்லது இரண்டு மட்டும். "கொண்டுபோங்கள், நன்றாகக் கழுவிவிட்டு ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் தொடைக்குச் சேர்ந்தால் மிச்சத்தை வாங்குங்கள்" என்பேன். பிள்ளைக்குப் பிள்ளை உடம்பு வேறு. ஒரு பிள்ளைக்கு ஒழுகும் டயபர் இன்னொரு பிள்ளைக்குக் கச்சிதமாக இருக்கும். சேராமல் போனால் நட்டம் ஒன்றோடு நிற்கும். சேர்ந்தால் அந்த உம்மா தானும் வாங்குவார், மதினிக்கும் சொல்வார். முதல் நாள் விற்பனை குறைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எனக்கு இரண்டாம் முறை வருபவர்கள்தான் கூட.

எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதையும் முன்கூட்டியே சொல்கிறேன். பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நீண்ட பயணத்துக்கு பம்பர்ஸ் போடுவது நல்லது, இரவுக்கு இரண்டு உள்துணி என்று தெளிவாகச் சொல்கிறேன். நம் பெண்களுக்கு இது உடுப்பு நனையும் விடயம் மட்டுமல்ல. பிள்ளை மடியில் நனைத்துவிட்டால் தொழுகைக்கு முன் உடுப்பு மாற்ற வேண்டும். "ஒரு சொட்டு ஒழுகாது" என்று நாம் வாய்க்கு வந்தபடி சொன்ன சொல்லை நம்பித்தான் அவர் காசு கொடுக்கிறார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு கண்டித்த செய்தி நமக்கெல்லாம் தெரிந்ததே. நம் கடையில் அந்த ஈரம் டயபருக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒரு செய்தி. மிச்சமிருந்த ஆறு டசினையும் நான் குப்பையில் போடவில்லை. அன்புவழிபுரத்துத் தங்கச்சியிடம் கொடுத்தேன். பருத்தி ஓரத்தை வெட்டி எடுத்து, நல்ல இலாஸ்டிக்கை முன்பக்கம் வரை ஓட்டித் தைத்துத் தந்தார். முதலில் தன் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தார். பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார். கூலி போக இலாபம் எதுவும் இல்லை, முதல் மட்டும் கைக்கு வந்தது. விற்கும்போது "திருத்தித் தைத்தது" என்று சொல்லியே விற்றேன். இப்போது கடைக்கு வரும் துணி டயபர் மாதிரி எதுவானாலும் முதலில் அவர் கைக்குப் போகிறது. அவர் காலோரத்தை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினால் ஓடர். "வேண்டாம் நானா" என்றால் எந்த விலைக்குத் தந்தாலும் நான் எடுப்பதில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதமாகிவிட்ட பிறகு, பிழையான சரக்குக்கு முதல் போடும் அளவுக்கு எங்களில் யாரிடம் பணம் இருக்கிறது?

உங்கள் ஊரிலும் தையல் தெரிந்த தாய்மார் இருப்பார்கள். அடுத்த முறை புறக்கோட்டைக்குப் போவதற்கு முன் அவர்களில் ஒருவரிடம் மாதிரியைக் காட்டிவிட்டுப் போங்கள்.